நீர்யானைத் தோலுக்குச் சந்தனப் பொட்டு

இன்று காலை ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. ரயில்வே கேட் பக்கத்து மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் ஸ்பானர், சுத்தியல், காற்றடிக்கும் மெஷின் என்று எல்லாவற்றின் மேலும் வைத்த சந்தனம் காய்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கிரீஸ் வாசனையும் சந்தன வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதுமே எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. அந்த மனிதர் என்ன தப்புச் செய்தார், பாவம். "இன்னா டீச்சர், மொகம் ஒரு மாதிரியா கீது? ஜல்தியா முடிச்சிட்றேன், உக்காருங்க" என்றார். உங்கள் மேல் இல்லைங்க என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில்தான் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நீ பங்குனியில் போனவள். ஐப்பசியில் நடந்ததை உனக்கு நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சவுக்குக்குப் பக்கத்தில் உன் படத்தை மாட்டிவிட்டார்கள்.

எப்படி என்று கேட்பாய். உன் அண்ணன் மகன் விழுப்புரம் பைபாஸ் பக்கம் பள்ளிக்கூடம் நடத்துகிறான் அல்லவா, அங்கே புதிதாக ஒரு மண்டபம் கட்டியிருக்கிறான். உன் தாத்தா பெயரில் மண்டபம். விஜயதசமி அன்று திறப்பு, அன்றைக்கே புதுப் பிள்ளைகளுக்கு நெல்லில் 'அ' எழுதுகிற சடங்கு. போனில் என்னைக் கூப்பிட்டான். "டீச்சர், நீங்க கண்டிப்பா வரணும். அத்தைய பத்தி நாலு வார்த்த பேசணும். அத்தைக்கு உங்கள வுட்டா வேற யாரு" என்றான். மரியாதையாகத்தான் பேசினான், அதைச் சொல்லியாக வேண்டும். பின்னாலேயே போட்டோ ஒன்று அனுப்பினான். சுவரில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே உன் தாத்தாவின் வெள்ளைத் தொப்பி, பதக்கம், சுருட்டி வைத்த அந்தச் சவுக்கு. மேலே பெரிய எழுத்தில், 'ஆப்பிரிக்க மண்ணில் நிர்வாகப் பணியாற்றிய தமிழர்'. பெட்டிக்கு வலப்புறம் நீ. மாலை போட்ட நீ. கீழே, 'இப்பொருள்களைப் போற்றிப் பாதுகாத்தவர்'.

படித்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

போற்றிப் பாதுகாத்தவளாம். எதை நீ ஒரே ஒரு நாள் பூஜையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாயோ, எதற்காக நாற்பது வயதுக்கு மேல் ஒரு டிரங்குப் பெட்டியோடு திண்டிவனத்துக்கு வந்து வாடகை வீட்டில் இருந்தாயோ, அதைப் போற்றிப் பாதுகாத்தவளாம். செத்தவர்கள் எழுந்து வந்து மறுக்க மாட்டார்கள் என்கிற தைரியம்.

மமாதூவை நீ மறந்திருக்க மாட்டாய். நிலக்கடலை, அதான் நம்ம மல்லாட்டை, அதன் விதை பற்றிப் பயிற்சி எடுக்க செனகலிலிருந்து நம்மூர்ப் பண்ணைக்கு வந்த விஞ்ஞானி. அவருக்கு ஆங்கிலம் தடுமாறும், பண்ணைக்காரர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. புதுச்சேரி எல்லையில் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி நம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, சனி ஞாயிறுகளில் மொழிபெயர்க்க உன்னைக் கூப்பிட்டார்கள். நீ தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். சரித்திரம் நடத்துகிறவளுக்கு மல்லாட்டை வயலில் என்ன வேலை என்று நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, நான் இருபது வருஷம் நடத்திய சரித்திரத்தில் பாதி அந்த வயலில்தான் கிடந்தது என்று.

முதல் நாளே அவர் ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறி, காயை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நெரித்து உடைத்தார். நம்மூர்ப் பெண்கள் உடைக்கிற அதே லாகவம். "எங்கள் ஊரில் இதற்குக் கெர்த்தே என்று பேர்" என்றார். தின்றுகொண்டே பேசினார். நீ வரிக்கு வரி எனக்குச் சொன்னாய். நீ மொழிபெயர்க்கும் விதமே தனி. முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டாய், கணக்கில் விடை சொல்வதுபோல் சொல்வாய்.

"தலைக்கு இவ்ளோன்னு வரியாம். பொம்பளைக்கும் உண்டாம், கொஞ்சம் பெரிய புள்ளைங்களுக்கும் உண்டாம். அத பிரெஞ்சுக்காரன் காசாத்தான் கட்டணுமாம். கம்பு குடுத்தா வாங்க மாட்டானாம்."

"அப்ப காசுக்கு எங்க போவாங்க?"

"மல்லாட்டை போட்டாத்தான் காசு. வேற எதுக்கும் கெடைக்காதாம். அதான் கம்பு நெலத்தையெல்லாம் மல்லாட்டை புடிச்சிக்கிச்சாம். பசி மாசத்துல கப்பல்ல வந்த நொய்யரிசிய வாங்கித் தின்னாங்களாம். இன்னிக்கும் அந்த நொய்தான் அவங்களுக்கு விருந்துச் சோறாம்."

நம் பக்கத்திலும் கேப்பையும் கம்பும் போன வழி அதுதானே. ஆனால் நம் ஆட்கள் காசுக்கு ஆசைப்பட்டுப் போட்டார்கள் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அங்கே போடாவிட்டால் உதை.

விதைக் களஞ்சியத்தைப் பற்றி அவர் சொன்னதும் நினைவிருக்கிறதா? ஊர் மக்களின் நன்மைக்காகச் சேமிப்புச் சங்கம் என்று பேர் வைத்தார்களாம். எல்லாரும் கட்டாயம் உறுப்பினர். சந்தாவை வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். தலைவர் யார் என்றால், வரி வசூலிக்கிற அதே வெள்ளைக்கார அதிகாரி. அறுவடையில் விதையை அளந்து வாங்கிக் களஞ்சியத்தில் பூட்டி, மழை பிடிக்கும்போது அவனவன் விதையை அவனவனுக்கே கடனாகக் கொடுப்பார்களாம். அடுத்த அறுப்பில் வாங்கியதற்கு மேல் சேர்த்து அளக்க வேண்டும். நம்ம மண்டிக்காரர் மாதிரியா என்று நான் கேட்டேன். நீ அதைப் பிரெஞ்சில் கேட்டதும் மமாதூ வாய்விட்டுச் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். நீ சிரிக்காமல் சொன்னாய்: "உங்க மண்டிக்காரரு ஜெயிலும் வெச்சிக்கினு இருக்காரான்னு கேக்கறாரு."

அந்த அதிகாரிதான் வரி வாங்குகிறவன், அவனேதான் நீதிபதி. வரி தாமதமானால், ரோடு போடக் கூலியில்லாமல் வரச்சொன்ன நாளில் வராவிட்டால், அவன் போகும்போது எழுந்து வணக்கம் வைக்காவிட்டால், வழக்கு இல்லாமல் வக்கீல் இல்லாமல் அங்கேயே தண்டனை. கடலோரத்து நாலு ஊரில் பிறந்தவன் குடிமகனாம், அவன்மேல் இது பாயாது. உள்நாட்டில் பிறந்தவன் வெறும் பிரஜை, அவன்மேல் எதுவும் பாயும். இதற்கெல்லாம் புத்தகத்தில் என்ன பேர் தெரியுமா? நிர்வாகம். நான் வகுப்பில் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிய சொல். 'ஐரோப்பியர் ஆப்பிரிக்கப் பகுதிகளைப் பங்கிட்டு நிர்வகித்தனர்' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, பரீட்சைக்கு வரும் என்று வேறு சொல்வேன். வீட்டுக்குள் புகுந்து கொள்ளையடிக்கிறவன் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தால் அதற்குப் பேர் நிர்வாகமா என்று அன்றைக்கு உன்னிடம் கத்தினேன். "எங்கிட்ட ஏன்டி கத்தற, எங்க தாத்தா அந்த மேசையிலதான் உக்காந்து எழுதினாரு, தெரியுமில்ல" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். அப்போது உனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

உன் தாத்தா சட்டப்படி பிரெஞ்சுக்காரர் ஆகி, பெயருக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுப் பெயரையும் ஒட்டிக்கொண்டு, செனகலில் அதிகாரி ஒருவருக்கு எழுத்தராக இருந்தவர். தோல் நம் தோல். ஆனால் நாற்காலி கிடைத்தது. உங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் கொண்டுவந்த தொப்பியும் சவுக்கும் ஆணியில் தொங்கும். தாத்தாவோட குதிரைச் சவுக்கு என்று உன் அண்ணன் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். ஆயுத பூஜை அன்று அதை இறக்கித் துடைத்து, உழவு மாட்டுக் கயிறு, அரிவாள்மனை, பம்பு செட் ஸ்டார்ட்டர் எல்லாவற்றோடும் வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச்சுற்றிக் கற்பூரம் காட்டுவீர்கள். யாருடைய தொழிலுக்கு எது கருவியோ அதற்குப் பூஜை. உங்கள் வீட்டில் தாத்தாவின் தொழிலுக்கும் கருவி உண்டு என்பதில் எல்லாருக்கும் பெருமை. வேறெந்த ஊரில் இந்தக் கூத்து நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் பூஜைக்கு மமாதூவையும் கூப்பிட்டாய். நல்ல மனதோடுதான் கூப்பிட்டாய். வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். உன் அண்ணன் அவரை வாசலிலேயே கைகுலுக்கி வரவேற்று, எங்க தாத்தா உங்க நாட்லதான் இருந்தாரு என்று நீட்டி முழக்கினார். சுண்டலும் பொரியும் தட்டில் கொடுத்தார்கள். அப்புறம் பூஜை வரிசை பக்கம் அழைத்துப் போனீர்கள். மமாதூ குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாக நீ விளக்கிக்கொண்டு வந்தாய். அந்தச் சவுக்குக்கு வந்ததும் அவரே நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். தொடவில்லை. கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மெதுவாக இரண்டு மூன்று வாக்கியம் சொன்னார்.

உன்னை அத்தனை வருஷத்தில் மொழிபெயர்க்கத் தயங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்றார் அண்ணன். "குதிர சவுக்குன்னு சொன்னியா, இல்லியா?"

"சொன்னேண்ணா. குதிரைக்கு இல்லையாம். மனுசனுக்காம்."

நீ தொடர்ந்தாய். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை.

"நீர்யானைத் தோலாம். காயவெச்சு முறுக்குவாங்களாம். வரிக் கட்டாதவன குப்புற படுக்கவெச்சு இதாலதான் அடிப்பாங்களாம். அவரு தாத்தா முதுகுல இதோட தழும்பு இருந்துச்சாம். சின்ன வயசுல தாத்தாக்கு மல்லாட்டை எண்ணெ தேச்சு விடுவாராம், வெரலு தடுக்குமாம். இவரு ஏன் தாத்தா இப்டி மேடு பள்ளமா இருக்குன்னு கேப்பாராம். வரின்னு சொல்வாராம் தாத்தா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாராம்."

உன் அண்ணன் முகம் சிவந்தது. ஆனாலும் விருந்தாளி. அடக்கிக்கொண்டு, "எங்க தாத்தா அடிச்சாருன்னு இவருக்கு யாரு சொன்னா? அவரு எழுதனாரு, அவ்ளோதான். அடிச்சது காவல்காரனுங்க" என்றார்.

நீ அதையும் அவரிடம் சொன்னாய். மமாதூ தலையாட்டினார். கோபமாகவே இல்லை அந்த மனிதர், எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. "இருக்கலாம். உங்கள் தாத்தாவாக இருந்திருக்க வேண்டும் என்பதே இல்லை. ஆனால் படுக்க வைப்பதற்கு முன்னால் யாரோ ஒருவர் பெயரைப் படிக்க வேண்டும் அல்லவா" என்றார். பிறகு தட்டைக் கீழே வைக்காமல், பொரியை ஒரு மணி மிச்சமில்லாமல் தின்று முடித்தார். விருந்து வைத்தவர்களை அவமதிக்கக் கூடாது என்று அத்தனை கவனம். வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். அவர் போன பிறகு உன் அண்ணன் அவரைப் பற்றி ஒரு சொல் சொன்னார். அதை நான் எழுத மாட்டேன்.

அது நடந்து சில மாதம் இருக்கும். ஸ்டாஃப் ரூமில் ஒருநாள் நான் பாடம் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். நம் ஜில்லாவிலேயே வெள்ளைக்காரன் காலத்தில் வரிப் பாக்கிக்காக விவசாயியைக் குனிய வைத்து முதுகில் கல் ஏற்றி வெயிலில் நிறுத்திய கதை. எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, "இத படிச்சா எல்லார்க்கும் ரத்தம் கொதிக்கும். அந்தக் கல்ல எடுத்து நாம பூஜை பண்ணுவமா?" என்று கேட்டாய். பண்ண மாட்டோம் என்றேன். "அடிச்சவன் கைல ரத்தம் பட்டுடும், கழுவிடுவான். எழுதனவன் கை சுத்தமா இருக்கும். அதான் கழுவணும்னு தோணவே தோணாது" என்றாய். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். யார் சொன்னது என்று கேட்டால் கணக்கு டீச்சர் என்பேன்.

அடுத்த ஆயுத பூஜையில் நீ அந்தச் சவுக்கை வரிசையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தாய். எரிக்கவில்லை, எறியவில்லை. பூஜை வேண்டாம் என்றாய், அவ்வளவுதான். உன் அண்ணன் அதைத் திரும்ப எடுத்து வந்து பழைய இடத்திலேயே வைத்து, "இந்த வூட்ல சவுக்கு இருக்கும். இருக்க முடியாதவங்க போலாம்" என்றார். மறுநாள் நீ என் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றாய். கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டோடு இருந்துவிட்ட ஒருத்திக்கு அந்த வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாது. சவுக்கா தங்கையா என்று வந்தபோது அவர் யோசிக்கக்கூட இல்லை. சாப்பிடுடி என்று தட்டை வைத்தேன். "அண்ணி அழுதாங்க. அண்ணன் கற்பூரம் காட்டினாரு" என்றாய். அதற்கு மேல் அதைப் பற்றி நீ என்னிடமும் புலம்பியது இல்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் மாடிப் போர்ஷன் பார்த்துக் கொடுத்தேன். அப்புறம் வந்த பூஜைகளில் உன் குடைக்கும் காம்பஸ் பெட்டிக்கும் பொட்டு வைத்து, என் குக்கரையும் பக்கத்தில் வைக்கச் சொல்வாய். "உன்னோட ஆயுதம் வாய்தான், அதுக்கு ரெட்டைப் பொட்டு வெக்கணும்" என்று என் உதட்டருகே சந்தனத்தைக் கொண்டு வருவாய்.

மமாதூ ஊருக்குப் போன பிறகு இரண்டொரு புது வருஷ வாழ்த்து வந்தது. பிறகு இல்லை. அவர் இருக்கிறாரோ இல்லையோ. இந்தப் படத்தை அவர் பார்த்திருந்தால் உன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பதை நினைத்தால்தான் எனக்குக் கண்ணில் நீர் முட்டுகிறது.

விஜயதசமிக்குப் போனேன். போக வேண்டாம் என்று என் மகள் சொன்னாள், ப்ரஷர் மாத்திரையையாவது போட்டுக்கொண்டு போ என்றாள். போட்டுக்கொண்டுதான் போனேன்.

மண்டபம் நிறையத் தாய் தகப்பன்மார். முக்கால்வாசி சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பங்கள். பிள்ளைகள் பட்டுப்பாவாடையும் புது நிக்கருமாக மடியில். நுழைகிற இடத்திலேயே கண்ணாடிப் பெட்டி. முந்தைய நாள் பூஜையில் கண்ணாடிக்கு மேலேயே சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். சவுக்கு என் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்தது. உன் படத்தில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய், நாம் மேல்மலையனூர் போனபோது எடுத்த படம். அமாவாசைக் கூட்டத்தில் என் செருப்பு தொலைந்ததற்குச் சிரித்த சிரிப்பு. அதைக் கொண்டுபோய் அந்தச் சவுக்குக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். உன் அண்ணன் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். மிகவும் தளர்ந்துவிட்டார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

மேடையேறும் முன்னால் உன் அண்ணன் மகனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தம்பி, அது என்ன சவுக்கு என்று உனக்குத் தெரியுமா?

"அந்தப் பிரச்சனதான டீச்சர்? அத்த கோச்சிக்கினு போனாங்கன்னு தெரியும். அதெல்லாம் பழைய கத. இப்ப எல்லா ஸ்கூல்லயும் ஹெரிடேஜ் கார்னர் வெக்கறாங்க. எங்கிட்ட காட்றதுக்கு வேற இன்னா இருக்குது, சொல்லுங்க" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் கேட்டது நிஜமான கேள்வி. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. காட்டுவதற்கு ஒரு கணக்கு டீச்சர் இருந்தாள். அவள் செய்ததைக் காட்டியிருக்கலாம். படத்தையாவது எடுத்துவிடு என்றேன். "ஃபங்ஷன் முடியட்டும் டீச்சர், பேசிக்கலாம்" என்று தோளைத் தொட்டு மேடைக்கு அனுப்பினான்.

மைக்கைப் பிடித்தேன். உன்னைப் பற்றித்தான் பேசினேன், சொன்ன வேலையைத்தான் செய்தேன். நீ எந்த ஊர், என்ன பாடம், எப்படி மொழிபெயர்ப்பாய், யார் வந்தார், எதைப் பார்த்தார், என்ன சொன்னார் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். தலைவரி பற்றிச் சொன்னேன். விதைக் களஞ்சியம் பற்றிச் சொன்னபோது பின்வரிசையில் இருந்த ஆண்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், மல்லாட்டைக்காரர்களுக்கு அது புரியாதா. சவுக்கு என்ன தோல் என்று ஆரம்பித்ததும் தம்பி மேடையோரம் வந்து, "டீச்சர், கொழந்தைங்க இருக்காங்க" என்று கிசுகிசுத்தான். குழந்தைகள் இருப்பதால்தான் சொல்கிறேன் என்று மைக்கிலேயே சொன்னேன். எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வந்திருக்கிற பிள்ளைகள், எழுத்தை வைத்து என்னவெல்லாம் செய்தார்கள் என்று அவர்களைப் பெற்றவர்களாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் யாரோ நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டுவிட்டார்கள். கெட்டிமேளம். அதற்கு மேல் கத்தினாலும் ஒருவர் காதிலும் விழாது.

கீழே இறங்கி நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போனேன். தம்பி பின்னாலேயே வந்தான். இரண்டில் ஒன்று இங்கே இருக்கட்டும், இரண்டும் ஒரே சுவரில் இருக்கக் கூடாது என்றேன். எது இருப்பது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றேன். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் அப்பா பக்கம் திரும்பினான்.

உன் அண்ணன் எழுந்து வந்தார். மெதுவாகத்தான் நடந்து வந்தார். உன் படத்தைப் பார்த்தார் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து, வயதான காலத்தில், நீயும் போய்ச் சேர்ந்த பிறகு, அவருக்குள் ஏதாவது இளகியிருக்கும் என்று அந்த ஒரு நிமிஷம் நம்பினேன். என் கோபம்கூட இறங்கிவிட்டது.

"அவ படத்த கழட்டிக் குடுத்துடு" என்றார் மகனிடம்.

நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினான். மாலையோடு என் கையில் கொடுத்தான். உன் அண்ணன் கைக்குட்டையை எடுத்து, படத்தை நகர்த்தியபோது சவுக்குப் பெட்டிக் கண்ணாடியில் பட்ட கைத்தடத்தைத் துடைத்தார். அவரிடம் இரண்டு தடவை கேட்டாயிற்று. உயிரோடு இருந்தபோது ஒரு தடவை நீயே கேட்டாய், செத்த பிறகு உனக்காக நான் கேட்டேன். இரண்டு தடவையும் உன்னைத்தான் வெளியே அனுப்பினார்.

பஸ் ஸ்டாப்பில் வெயில். படத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றேன். மண்டபத்தில் பார்த்த ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு ஓட்டமாக வந்தாள். விரலில் நெல்லுமியும் மஞ்சளும் ஒட்டியிருந்த பெண் குழந்தை.

"டீச்சர், அது நெசமாவே மனுசன அடிச்சதுங்களா?"

"ஆமாம்மா."

"எம் பெரிய பொண்ணு இங்கதான் ரெண்டாவது படிக்கிறா. இனிமே டெய்லி அத தாண்டித்தான் க்ளாசுக்குப் போவணும்." பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "நான் போய்ப் பேசறேங்க. ஒருத்தியா போனா இன்னா பண்ணுவாங்கன்னு தெரியல. எங்க தெருவுல இன்னும் நாலு பேரு கீறாங்க, கூட்டிக்கினு போறேன்" என்றாள். பிறகு முந்தானையை விலக்கி உன் படத்தைப் பார்த்தாள். "இவங்கதான் அந்த வூட்ட வுட்டு வந்தவங்களா? தனியாவா வந்தாங்க?"

தனியாகத்தான் வந்தாள் என்றேன். பஸ் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். சவுக்கு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அந்தப் பெண் போய்ப் பேசினாளா, நாலு பேர் வந்தார்களா, ஒன்றும் தெரியாது. வரும் திங்கட்கிழமை நான் மறுபடி விழுப்புரம் போகிறேன், அவள் வந்தால் அவளோடு நிற்பேன், வராவிட்டால் நானே பள்ளிக்கூட கேட் பக்கம் நிற்பேன். இந்த வயதில் உனக்கு எதற்கு இந்தப் பேஜாரு என்று மகள் கேட்கிறாள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, உனக்குச் சொல்கிறேன். ஒரு வீடே படவேண்டிய வெட்கத்தை நீ ஒருத்தியாகப் பட்டுக்கொண்டு, எங்கள் யார் தலையிலும் வைக்காமல், சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போய்விட்டாய். உன்னைப்போல் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு வராது. என்னிடம் வந்த பிறகு அது கோபமாகிவிட்டது. யாரும் ரெக்கார்டு போட முடியாத இடமாகப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பேன்.